அரசு கான்ட்ராக்டுக்கு ப்ரொபோசல் எழுத ஆள் வைத்தோம்: எது காசுக்குத் தகும், எது தகாது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பாராட்டவும் இருக்கிறது, குறை சொல்லவும் இருக்கிறது, இரண்டையும் மனதில் உள்ளபடி எழுத வேண்டுமென்றால் பெயரை விட்டுவிடுவதுதான் சரி. அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் கான்ட்ராக்டுகளுக்குப் போட்டியிடும் சிறு நிறுவனங்களுக்கு ப்ரொபோசல் எழுதித் தரும் சேவை அது. ஒரு ப்ரொபோசல் மேலாளர், ஒரு டெக்னிக்கல் ரைட்டர், படம் வரைய ஒருவர், கடைசியில் வந்து வாசித்துப் பார்க்க இரண்டு பேர். ஆறு வாரம் எங்களோடு இருந்தார்கள். நாங்கள் மொத்தம் 22 பேர். அரசு அலுவலகங்களில் கிடக்கும் பழைய தரவுத்தளங்களைப் புதிய அமைப்புக்கு மாற்றித் தருவது எங்கள் தொழில்.

அதற்கு முந்தைய ப்ரொபோசலை நாங்களே எழுதி, நாங்களே தோற்றிருந்தோம். தோற்றது வலித்தது என்றாலும் அதைவிட வலித்தது டீப்ரீஃபிங். தோற்றவர் அறிவிப்பு கிடைத்த 3 நாளுக்குள் எழுத்தில் கேட்டால், ஏன் தோற்றோம் என்று அரசுத் தரப்பு சொல்லியாக வேண்டும். ஃபார் எனப்படும் கூட்டாட்சிக் கொள்முதல் விதித்தொகுப்பின் 15-ஆம் பகுதியில் இருக்கும் உரிமை இது. நான் பார்த்த சிறு நிறுவனங்களில் பல இதைக் கேட்பதே இல்லை, தோற்ற வருத்தத்தில் விட்டுவிடுகிறார்கள். நாங்கள் கேட்டோம். வந்த பதிலில் எங்கள் தொழில்நுட்பப் பகுதிக்கு "அக்செப்டபிள்" என்று போட்டிருந்தது. வீக்னெஸ் என்று ஒன்றுகூட இல்லை. ஸ்ட்ரெங்த் என்ற இடமும் காலி.

இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. தப்பு என்று எதையும் சுட்டவில்லை, நல்லது என்றும் எதையும் சொல்லவில்லை. 40 பக்கம் எழுதியிருந்தோம். அந்த 40 பக்கத்தில் மதிப்பீட்டுக் குழுவில் இருந்த ஒருவருக்குக்கூட, இவர்களிடம் இது கூடுதலாக இருக்கிறது என்று குறித்துக்கொள்ள ஒரு வரி கிடைக்கவில்லை.

என் பங்குதாரர் கல்லூரியில் எனக்கு மூன்று வருடம் சீனியர், இன்றுவரை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறேன். வெளியாள் வைக்கலாம் என்றதும் அவர் சொன்னது: "ஏம்ப்பா, நாம என்ன வேலை பண்றோம்னு நம்மளவிட வேற யாருக்குத் தெரியும்? அவங்க வந்து நம்மகிட்டயே கேட்டு நமக்கே எழுதித் தரப்போறாங்க, அதுக்கு எதுக்குக் காசு?" நான், "அண்ணா, நமக்குத் தெரியும், படிக்கிறவங்களுக்குத் தெரியலையே" என்றேன். அவர் கொஞ்ச நேரம் அந்த டீப்ரீஃபிங் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி, ஒரு முறை பார்ப்போம் என்றார்.

இப்போது சேவைக்கு வருகிறேன்.

அவர்கள் வந்த முதல் வாரத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. இதற்கே அண்ணாவுக்குக் கோபம், மணிக்கணக்கில் காசு ஓடுகிறதே என்று. ஆனால் திரும்பிப் பார்த்தால் நாங்கள் கொடுத்த பணத்தில் பாதி அந்த வாரத்துக்கே தகும். அப்போது எங்கள் கண்ணில் இரண்டு வாய்ப்புகள் இருந்தன. இரண்டுக்கும் போட்டியிடலாம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். மேலாளராக வந்த அந்த அம்மா இரண்டு ஆர்எஃப்பிகளிலும், அதாவது ப்ரொபோசல் கேட்டு அரசு வெளியிடும் ஆவணங்களிலும், நேராக எம் பிரிவைத் திறந்தார். ஆர்எஃப்பியின் வழக்கமான அமைப்பில் ஏ முதல் எம் வரை பிரிவுகள் இருக்கும். சி பிரிவில் என்ன வேலை என்று இருக்கும், எல் பிரிவில் ப்ரொபோசலை எப்படி எழுதி எப்படி அனுப்ப வேண்டும் என்று இருக்கும், எம் பிரிவில் எதை வைத்து மதிப்பிடுவார்கள் என்று இருக்கும். எங்கள் பழக்கம் சி பிரிவை உருப்போட்டுவிட்டு எழுத உட்கார்வது. பொறியாளர்களுக்கு அதுதானே பிடித்தமான பகுதி. அவரோ எம் பிரிவைக் கையில் வைத்துக்கொண்டுதான் மற்ற எல்லாவற்றையும் வாசித்தார்.

அந்த இரண்டில் ஒன்று எல்பிடிஏ வகை. தொழில்நுட்ப ரீதியில் தகுதியா இல்லையா என்று மட்டும் பார்ப்பார்கள், தகுதி பெற்றவர்களில் குறைந்த விலைக்குக் கான்ட்ராக்ட் போகும். நீ எவ்வளவு பிரமாதமாக வேலை செய்வாய் என்று எழுதினாலும் அதற்கு ஒரு மதிப்பெண்கூட ஏறாது. இன்னொன்று ட்ரேட்ஆஃப் வகை, அதாவது நல்ல ப்ரொபோசலுக்காகக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்க அரசு தயாராக இருக்கிறது என்று அறிவித்துவிட்ட போட்டி. இந்த வகையில், விலை தவிர்த்த மற்ற அம்சங்கள் எல்லாம் சேர்ந்து விலையைவிடக் கணிசமாக முக்கியமா, ஏறத்தாழச் சமமா, கணிசமாகக் குறைவா என்று ஆர்எஃப்பியிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது விதி. அந்த ஒரு வாக்கியத்தைத் தேடிக் கண்டுபிடித்து மஞ்சள் அடித்துக் காட்டினார். முதலாவதை விட்டுவிடுங்கள், உங்கள் ஆட்களின் சம்பள அளவுக்கு அந்த விலைப்போட்டியில் நிற்க முடியாது, இரண்டாவதில் மட்டும் நில்லுங்கள் என்றார். வேலையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லும் ஆலோசகரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இரண்டையும் எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தால் அவர்களுக்குத்தான் இரட்டை வருமானம்.

அடுத்து அவர் செய்தது கம்ப்ளையன்ஸ் மேட்ரிக்ஸ். கேட்டால் ஒரு எக்செல் தாள்தான். ஆர்எஃப்பி முழுவதிலும், இணைப்புகளிலும், "ஷல்", "மஸ்ட்" என்று வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனி வரிசையாக உடைத்துப் போட்டு, பக்கத்தில் அது எல் பிரிவில் எங்கே வருகிறது, எம் பிரிவில் எதோடு சேர்கிறது, நம் ப்ரொபோசலில் எந்தப் பக்கத்தில் பதில் சொல்கிறோம், யார் எழுதுகிறார், எழுதியாயிற்றா என்று நிரல்கள். எங்களுடையது 143 வரிசை வந்தது. 97-ஆம் வரிசை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மூன்றாம் இணைப்பில், ஒரு அட்டவணைக்குக் கீழே, சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு: முக்கியப் பணியாளர் ஒவ்வொருவரும் கான்ட்ராக்ட் கிடைத்தால் வேலைக்கு வருவேன் என்று கையெழுத்திட்ட கடிதம் இணைக்கப்பட வேண்டும். எல் பிரிவில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. நாங்கள் மட்டும் எழுதியிருந்தால் நிச்சயம் விட்டிருப்போம். விட்டிருந்தால் அது டெஃபிஷியன்சி, அதாவது அரசின் கட்டாயத் தேவை ஒன்றைப் பூர்த்தி செய்யாத குறை. அந்தக் குறையோடு கான்ட்ராக்ட் கிடைக்காது. அந்த வரிசையைப் பார்த்தபோது எனக்கு முதுகு சில்லிட்டது, ஏனென்றால் போன முறை இப்படி எத்தனை வரிசைகளை விட்டிருப்போமோ என்று யோசித்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த மேட்ரிக்ஸைப் போட பெரிய அறிவு தேவையில்லை, பொறுமைதான் தேவை. ஆனால் அந்த வேலையிலேயே ஊறிப்போனவர்களால் இதைச் செய்ய முடியாது. ஏற்கெனவே தெரிந்ததாக நினைத்துத் தாண்டிவிடுவார்கள். வெளியாள் வாசிப்பதில் உள்ள பயன் இங்கேதான்.

மூன்றாம் வாரம் நேர்காணல்கள். இந்தச் சேவையின் உச்சம் என்று நான் நினைப்பது இதைத்தான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நாங்கள் அனுப்பிவைத்த வரைவில் ஒரு பத்தி இப்படி இருந்தது: "தரவு மாற்றத்தில் ஆழ்ந்த அனுபவமும் அதிநவீனத் தொழில்நுட்பத் திறனும் கொண்ட எங்கள் குழு, மிக உயர்ந்த தரத்தில், எந்த இடையூறும் இன்றி இப்பணியை நிறைவேற்றும்." மேலாளர் அதை வாய்விட்டு வாசித்தார். வாசித்துவிட்டு எங்கள் மூத்த பொறியாளரிடம், "இடையூறு இல்லாமல் என்றால், இரவு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். அவர் கொஞ்சம் திகைத்தார், பிறகு சொல்லத் தொடங்கினார். மாற்றம் நடக்கும் ஒவ்வொரு இரவும் பழைய பக்கத்திலும் புதிய பக்கத்திலும் பதிவுகளின் எண்ணிக்கையை ஒப்பிடுவோம் என்றார். எண்ணிக்கை மட்டும் போதுமா என்று மேலாளர் கேட்டார். போதாது, தொகை வரும் புலங்களைக் கூட்டியும் பார்ப்போம் என்றார். ஒன்று பொருந்தாவிட்டால்? காலை ஆறு மணிக்குள் பழைய நிலைக்குத் திருப்பிவிடுவோம், அலுவலகம் திறக்கும்போது யாருக்கும் எதுவும் தெரியாது. இதை எத்தனை முறை செய்திருக்கிறீர்கள்? போன திட்டத்தில் 31 இரவுகள், அதில் இரண்டு முறை திருப்பினோம். அந்த இரண்டு முறையும் என்ன ஆயிற்று?

முக்கால் மணி நேரம் இப்படியே போனது. முடிவில் அந்தப் பத்தி இருந்த இடத்தில் இது வந்தது: "ஒவ்வொரு இரவும் இரு பக்கத்துப் பதிவு எண்ணிக்கையையும் தொகைப் புலங்களின் கூட்டலையும் ஒப்பிடுவோம். பொருந்தாவிட்டால் காலை 6 மணிக்குள் பழைய நிலைக்குத் திருப்புவோம். முந்தைய கான்ட்ராக்டில் 31 இரவுகளில் இரண்டு முறை இப்படித் திருப்பினோம், இரண்டு முறையும் அலுவலகப் பணி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை." மூன்று வரி. எங்கள் பொறியாளர் அதைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் சாதாரண விஷயம் சார், இதைப்போய் எழுதணுமா?" என்றார். எழுதத்தான் வேண்டும். பாதுகாப்புத் துறையின் மதிப்பீட்டு வழிகாட்டுதலில் ஸ்ட்ரெங்த் என்றால் என்ன என்று விளக்கம் இருக்கிறது: கேட்டதைவிடக் கூடுதலாகவோ தனிச்சிறப்பாகவோ இருந்து, வேலை நடக்கும் காலத்தில் அரசுக்கு அனுகூலமாக அமையும் அம்சம். நாங்கள் தினமும் செய்துவந்த சாதாரண விஷயம்தான் அந்த விளக்கத்துக்குள் அப்படியே பொருந்தியது. ஆழ்ந்த அனுபவம் என்ற சொல் எந்த விளக்கத்துக்குள்ளும் வராது.

இந்த இடத்தில் நான் உறுதியாகச் சொல்வேன்: இந்த மாதிரிச் சேவையை எடுப்பதாக இருந்தால், உங்கள் ஆட்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்பவர்களா என்று மட்டும் பாருங்கள். அழகாக எழுதுபவர்கள் நிறைய பேர் கிடைப்பார்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், குறைகள் எல்லாம் கேள்வி கேட்காத இடங்களில்தான் வந்தன.

மேலாண்மைத் திட்டம் என்ற பகுதியை டெக்னிக்கல் ரைட்டரிடம் விட்டிருந்தோம். அவர் எங்கள் ஆட்கள் யாரோடும் பேசவில்லை. நான்காம் வாரம் பிங்க் டீம் என்று சொல்லும் முதல் வாசிப்புக்கு அந்தப் பகுதி வந்தது. பார்க்க நன்றாக இருந்தது, ஓட்டமான மொழி. ஒன்பதாம் பக்கத்தில் வேறொரு அரசு முகமையின் பெயர் இருந்தது. வேறு யாருக்கோ எழுதியதை எடுத்து எங்கள் பெயரை மாற்றிப் போட்டிருக்கிறார், ஓரிடத்தில் மாற்ற விட்டுப்போயிருக்கிறது. அதைக் கண்டுபிடித்தது அண்ணா. அவர் குரலை உயர்த்தவில்லை, பக்கத்தை மடித்து மேசையில் வைத்தார். "இது வெளிய போயிருந்தா நம்ம கதை என்ன?" என்று மட்டும் கேட்டார். யாரிடமும் பதில் இல்லை.

பெயரை மாற்றிவிடலாம், அது பெரிய வேலை இல்லை. ஆனால் அந்தப் பகுதி முழுக்க எங்களுடையதல்லாத வேறொரு நிறுவனத்தை விவரித்துக்கொண்டிருந்தது. வாராந்திர இடர் மதிப்பாய்வுக் குழு என்று ஒன்று இருப்பதாக எழுதியிருந்தார். எங்களிடம் அப்படிக் குழு எதுவும் இல்லை, 22 பேர் கொண்ட இடத்தில் பிரச்சினை வந்தால் எழுந்துபோய்ச் சொல்வோம். ஜெயித்த பிறகு ப்ரொபோசலில் எழுதியது கான்ட்ராக்டின் பகுதியாகவே சேர்க்கப்படக்கூடும், எழுதியதைச் செய்யவில்லை என்றால் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான். பிரச்சினையை எப்படி உடனே மேலே கொண்டுபோகிறோம் என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாலே, சிறு நிறுவனத்தின் பலமாக அது வந்திருக்கும். அந்தப் பகுதியை நானும் அண்ணாவும் இரண்டு இரவு உட்கார்ந்து முழுசாகத் திருப்பி எழுதினோம். மேலாளர் மன்னிப்புக் கேட்டார், அந்த மணிநேரங்களுக்குப் பணம் வாங்கவில்லை, அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் போன இரண்டு இரவுகள் போனதுதான்.

படங்கள் பற்றி நிறைய சொல்ல ஒன்றுமில்லை. பார்வைக்கு அழகு, ஆனால் ஒரு படத்துக்குள் எழுத்து சின்னதாகிவிட்டது. எல் பிரிவில் படங்களுக்குள் எழுத்தின் அளவு என்ன இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லியிருந்தது, அதற்கும் கீழே போய்விட்டது. மேட்ரிக்ஸில் அந்த வரிசையும் இருந்ததால் பிடித்தோம். பக்க வரம்பை மீறிய பக்கங்களைக் குழு வாசிக்கத் தேவையில்லை, எழுத்தைச் சுருக்கி வரம்பை ஏமாற்றுவதையும் அவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. 25 பக்கம் என்றால் 25.

முந்தைய பணி அனுபவம் பற்றிய பகுதியில் இவர்கள் தந்த ஆலோசனை நல்லது. சிறு நிறுவனங்கள் இந்த இடத்தில் பயந்துபோய், கொஞ்சம்கூடச் சம்பந்தமில்லாத பழைய வேலைகளையெல்லாம் அடுக்கிவிடுவார்கள். நாங்களும் ஏழு திட்டங்களைப் போட்டிருந்தோம். மூன்றாகக் குறைக்கச் சொன்னார்கள். பொருத்தமான முந்தைய பதிவு இல்லாத நிறுவனத்துக்கு அந்த அம்சத்தில் சாதகமாகவும் மதிப்பிடக் கூடாது, பாதகமாகவும் மதிப்பிடக் கூடாது என்று ஃபாரிலேயே இருக்கிறது. ஆகவே இல்லாததை இருப்பதாகக் காட்டத் தவிக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு பொருத்தமான வேலையை, அளவு, சிக்கல், நடந்த காலம், அங்கே பேசக்கூடிய அதிகாரி யார் என்று விவரமாகச் சொன்னால் போதும். இது தெரியாமல் பல வருடம் போட்டியே போடாமல் இருந்த நண்பர்கள் எனக்கு உண்டு.

ஐந்தாம் வாரம் ரெட் டீம், அதாவது அரசின் மதிப்பீட்டுக் குழு வாசிப்பதுபோலவே வாசித்துப் பார்க்கும் சுற்று. இதற்கு வந்த இரண்டு பேரும் அதுவரை எங்கள் வரைவைக் கண்ணால் பார்த்திராதவர்கள். ஒருவர் முன்பு அரசுப் பக்கத்தில் மதிப்பீட்டுக் குழுக்களில் உட்கார்ந்தவர். கையில் எம் பிரிவையும் வெற்றுத் தாளையும் மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அம்சத்துக்கும் ஸ்ட்ரெங்த், வீக்னெஸ் என்று பிரித்து எழுதிக்கொண்டே வாசித்தார்கள். மாலையில் அந்தத் தாளை எங்களிடம் தந்தார்கள். அதில் ஒரு வரி: "பயிற்சித் திட்டம் எங்கே இருக்கிறது என்று 11 நிமிடம் தேடினேன்." திட்டம் இருந்தது, நல்ல திட்டம், ஆனால் ஆறாம் பக்கத்தில் வேறு தலைப்புக்குக் கீழே ஒளிந்திருந்தது. எம் பிரிவில் பயிற்சி என்பது தனி அம்சம். அதே சொல்லையே தலைப்பாக வைத்து, அவர்கள் வரிசைப்படுத்திய இடத்திலேயே அதை வைத்திருந்தால் தேடவே வேண்டாம். நல்ல எழுத்து என்று நமக்குப் பள்ளியிலிருந்து சொல்லித்தந்தது, ஒரே சொல் திரும்பத் திரும்ப வரக்கூடாது, அழகாக மாற்றி மாற்றி எழுத வேண்டும் என்று. இங்கே அது ஆபத்து. அவர்கள் பயிற்சி என்றால் நாமும் பயிற்சி, திறன் மேம்பாடு இல்லை. தெளிவாகவும் போதுமான விவரத்தோடும் எழுதுவது போட்டியிடுபவரின் பொறுப்பு, சொல்லாததை அரசு ஊகித்துக்கொள்ள வேண்டியதில்லை என்று அமெரிக்கக் காங்கிரஸின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ தன் முடிவுகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது.

ஜிஏஓ பற்றிச் சொன்னதால் ஒரு துணைச் செய்தி. கான்ட்ராக்ட் முடிவை எதிர்த்து ப்ரொடெஸ்ட் செய்பவர்கள் போகும் இடங்களில் ஒன்று அது, 100 நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். அந்த முடிவுகள் அதன் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. ஒரு ப்ரொபோசல் ஏன் தோற்றது, எந்தத் தலைப்பில் என்ன எழுதாமல் விட்டார்கள் என்று அரசின் வாயாலேயே அதில் இருக்கிறது. இந்தத் துறையில் எழுதக் கற்றுக்கொள்ள நினைப்பவர் காசு கொடுத்துப் பயிற்சிக்குப் போகும் முன் அதில் ஒரு 20 முடிவுகளை வாசியுங்கள். மேலாளர் சொல்லித்தான் எனக்கே இது தெரியும். இந்த ஒன்றுக்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

கடைசி நாட்களில் இன்னொரு பதற்றம். அனுப்ப வேண்டிய தேதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஆர்எஃப்பிக்கு ஒரு திருத்தம் வந்தது, விலை அட்டவணையை மாற்றியிருந்தார்கள். திருத்தம் கிடைத்தது என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும், அதை மறந்தவர்களின் ப்ரொபோசல் தள்ளுபடி ஆவது உண்டு. மேலாளர் அன்று மாலைக்குள்ளேயே மேட்ரிக்ஸில் புதிய வரிசைகளைச் சேர்த்துவிட்டார். அனுப்புவதையும் கடைசி நாளுக்கு வைக்கவில்லை, முந்தைய வேலை நாளே பதிவேற்றிவிட்டார். தாமதமாக வரும் ப்ரொபோசலை ஏற்காத விதிக்கு மிகக் குறுகிய விலக்குகள்தான் உண்டு. எங்கள் போட்டிக்குப் பொருந்திய விதியில், முந்தைய வேலை நாள் மாலை 5 மணிக்குள் அரசின் மின்னணு நுழைவாயிலை அடைந்துவிட்ட ப்ரொபோசலுக்கு அப்படி ஒரு விலக்கு இருந்தது. கடைசி மணி நேரத்தில் தளம் மக்கர் செய்து வருடக்கணக்கான உழைப்பை இழந்தவர்களின் கதையை ஜிஏஓ முடிவுகளிலேயே வாசிக்கலாம்.

முடிவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தோற்றோம். ஆனால் டீப்ரீஃபிங்கில் இந்த முறை "குட்" வந்திருந்தது, மூன்று ஸ்ட்ரெங்த். முதலாவது, இரவு ஒப்பீடும் காலை 6 மணிக்குள் பழைய நிலைக்குத் திருப்புவதும். விலையில்தான் பின்தங்கியிருந்தோம், அந்தக் கணக்கு எங்களுடையது, சேவையின் தவறில்லை. விலையை எவ்வளவு வைத்தால் ஜெயிக்கலாம் என்று ஆராய்ந்து சொல்லும் வேலையை அவர்கள் தனியாகத் தருவதாகச் சொன்னார்கள், நாங்கள்தான் வேண்டாம் என்றோம். அதை எடுத்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

அதன்பின் வந்த ஆர்எஃப்பிக்கு முழுச் சேவையை எடுக்கவில்லை. மேலாளரை மட்டும் முதல் பத்து நாளுக்கும், ரெட் டீமை இரண்டு நாளுக்கும் கேட்டோம். கொஞ்சம் தயங்கி, பிறகு ஒப்புக்கொண்டார்கள். நடுவில் எழுதியது முழுக்க எங்கள் ஆட்கள்தான். ஒருவர் கேள்வி கேட்க, ஒருவர் பதில் சொல்ல, மூன்றாமவர் தட்டச்சு செய்ய, அந்த அம்மா நடத்திய நேர்காணல் மாதிரியே நாங்களும் செய்தோம். அந்தக் கான்ட்ராக்ட் கிடைத்தது.

ஆக, என் மதிப்பீடு: உத்திக்கும் மேட்ரிக்ஸுக்கும் ரெட் டீமுக்கும் ஐந்துக்கு ஐந்து. நேர்காணலுக்கும் அப்படியே. தனியாக உட்கார்ந்து எழுதித் தரும் டெக்னிக்கல் ரைட்டிங்குக்கு இரண்டு. படங்களுக்கு மூன்று.

எடுக்க நினைப்பவர்கள் ஒப்பந்தம் போடும் முன் கேட்க வேண்டியவை சில உண்டு. எழுதப்போகும் ஆள் யார், அவர் உங்கள் பொறியாளர்களோடு எத்தனை மணி நேரம் பேசுவார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மேட்ரிக்ஸும் கோப்புகளும் வேலை முடிந்தபின் யாருடையவை என்று கேளுங்கள், சிலர் பிடிஎஃப் மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் போட்டியாளருக்கும் அதே ஆர்எஃப்பிக்கு எழுதுகிறார்களா என்று நேராகக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். ஜெயித்தால் மட்டும் பணம் கொடுத்தால் போதும் என்று யாராவது சொன்னால், சந்தோஷப்படும் முன் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கான்ட்ராக்டைப் பெற்றுத்தருவதற்கு இப்படி வெற்றியோடு கட்டிய கட்டணம் கொடுப்பதைக் கட்டுப்படுத்தும் ஷரத்து கூட்டாட்சிக் கான்ட்ராக்டுகளில் இருக்கிறது. அப்புறம், நான் மேலே சொன்ன விதிகள் எல்லாம் நாங்கள் போட்டியிட்ட காலத்தவை. ஃபாரை முழுசாகச் சுருக்கித் திருத்தி எழுதும் வேலை 2025-ல் தொடங்கியது, எண்களும் வரிசையும் மாறிவருகின்றன, அதனால் உங்கள் ஆர்எஃப்பியில் எந்த விதி எந்தத் தேதியோடு போடப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணா இப்போது ஆர்எஃப்பி வந்ததும் எம் பிரிவை முதலில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிடுகிறார். அடுத்த ஒன்று நேற்றுதான் ஒட்டப்பட்டது, அதைப் பற்றி அரசுத் தரப்புக்குக் கேள்விகள் அனுப்ப வியாழக்கிழமை வரை நேரம் இருக்கிறது, இதுவரை 14 கேள்வி எழுதியிருக்கிறோம்.